முப்பத்துநாலு மார்க் பாய்

எங்கள் ஊரில் குருமார்கள் கிடையாது. மாஸ்டர்கள்தான் உண்டு. புரோட்டா வீசுகிறவர் மாஸ்டர், டீ ஆற்றுகிறவர் மாஸ்டர், துணி தைக்கிறவரும் மாஸ்டர். ஞானம் வேண்டுமென்றால் இவர்களில் ஒருவரிடம்தான் போயாக வேண்டும்.

செசிலி மாஸ்டர் தைக்கிறவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவர் கடை. லாரிக்குத் தார்ப்பாய், கல்யாணத்துக்குச் சாமியானா, கடை வாசலுக்குப் படுதா. படகுக்குப் பாய் வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பாயும் தைப்பார். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் புன்னக்காயல்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பன் சாருக்கு வயது அறுபத்தொன்று. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். செசிலி மாஸ்டருக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று.

எல்லாம் ஒரு மைக்கால் வந்த வினை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிவு உபசார விழாவில் சார் கழுத்தில் மாலையோடு எழுந்து பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். இனிமேல் திருச்செந்தூருக்குப் போகிற பஸ்ஸில் இந்தக் காலை வைக்க மாட்டேன். போனால் என் சொந்தப் பாய்மரப் படகில் போவேன். என் மனைவிக்குக் கடலிலிருந்து முருகன் கோபுரத்தைக் காட்டுவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள், பிறகு வடை சாப்பிடப் போய்விட்டார்கள். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி சண்முகவடிவு அம்மா மட்டும் கைதட்டவில்லை. அவர் நம்பிவிட்டார்.

சார் வாக்குத் தவறுகிறவர் இல்லை. ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்ப் பாய் விரிக்கக் கற்றுக்கொண்டார். புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து பதினெட்டடிப் படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 'சண்முகவடிவு' என்று பெயரும் எழுதினார். ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய், இரண்டும் பழசு. அன்றிலிருந்து அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருக்கிறார். செக்குமாடுகூட இத்தனை சுற்றுச் சுற்றாது.

"வெளிய எப்ப போறீய?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்.

"பாய் சரியில்லை. புதுசு பாத்துக்கிட்டிருக்கேன்."

எதிர் வீட்டுக்காரர் ஒருதடவை இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "எங்க வீட்ல பத்தமடைப் பாய் ஒண்ணு சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கிடுதீயளா?" என்று கேட்டார். சார் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை.

இப்படிப் பாய் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது வருஷம், மார்கழி மாதம் ஒரு காலையில், சார் செசிலி மாஸ்டரின் கடைக்கு வந்தார். கையில் ஒரு நீள நோட்டு.

"ஏம்மா செசிலி."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ பிள்ளை, நான்தான் உன் கணக்கு வாத்தியார்."

மெஷின் ஓடியது.

தெருவிலிருந்து ஒரு லாரிக்காரர், "மாஸ்டர், நம்ம தார்ப்பாய் என்னாச்சு?" என்றார். மெஷின் நின்றது.

"சாயங்காலம் வாங்கண்ணே."

சார் வாத்தியார் அல்லவா. ஒரு பாடத்தை இரண்டு தடவை நடத்தச் சொல்ல மாட்டார்.

"மாஸ்டர்," என்றார்.

"சார்! வாங்க சார்!" செசிலி மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். "எப்படி இருக்கீய? இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மெஷின் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது சார்."

லாரிக்காரர் குரல் மட்டும் எப்படிக் கேட்டது என்று சார் கேட்கவில்லை. நோட்டைத் திறந்தார். பதினாலு கம்பெனிகளின் பாய்த்துணி, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில் மார்க். கனத்துக்குப் பத்து, நெசவுக்குப் பத்து, வெயில் தாங்குவதற்குப் பத்து என்று நூறு மார்க்குக்கு.

"மூணு வருஷ உழைப்பு, மாஸ்டர். எல்லாம் எழுவதுக்கு மேல வாங்கியிருக்கு. ஒண்ணுக்கொண்ணு அரை மார்க்தான் வித்தியாசம். அதுதான் முடிவு பண்ண முடியலை. இதுல எது நல்ல துணி?"

செசிலி மாஸ்டர் நோட்டைப் பார்க்கவில்லை. அலமாரிக்கு அடியில் கையை விட்டு இரண்டு துண்டுத் துணியை எடுத்தார். ஒன்றைச் சாரின் காதருகே கசக்கினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. இரண்டாவதைக் கசக்கினார். ஒரு சத்தமும் இல்லை.

"எது நல்ல துணி சார்?"

"இது. சத்தம் போடாம இருக்கே, அது."

"ஏன்?"

"சத்தம் போடாம இருக்கிறதுதான் எப்பவும் நல்லது."

"சார் இன்னும் வகுப்புலேயே இருக்கீய. சத்தம் போடுறதுதான் சார் உசிரோட இருக்கு. சும்மா இருக்கிறது செத்துப் போச்சு. மெழுகெல்லாம் போய், இழுத்த இழுப்புக்குப் போகும்."

சாருக்கு, இருபத்திரண்டு வருஷம் பிரம்பைத் தட்டி அமைதியாக்கிய வகுப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு நோட்டில், 'சத்தம்: பத்து மார்க்' என்று ஒரு புதுக் கட்டம் போட்டார்.

மறுவாரம் மறுபடி வந்தார். பதினாலு துண்டையும் காதருகே கசக்கிப் பார்த்துவிட்டார். எல்லாம் புதுத்துணி, எல்லாம் ஒரே மாதிரி அலறின. எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. மறுபடியும் அரை மார்க்தான் வித்தியாசம்.

"சரி, துணி கிடக்கட்டும் மாஸ்டர். எந்த வெட்டு நல்லது? காத்துல உப்புற மாதிரி வயிறு வச்சுத் தைக்கணுமா, தட்டையாத் தைக்கணுமா?"

"எங்க போகணும் சார்?"

"திருச்செந்தூர்."

"இப்ப வாடைக் காத்து. வடக்கேயிருந்து அடிக்கி. பின்னால வந்து தள்ளும். முறத்தைத் தூக்கிப் பிடிச்சாக்கூடப் போயிரலாம்."

"போறது சரி. வர்றது? அதே வாடை மூஞ்சியில அடிக்குமே. காத்துக்கு எதிர்ல ஏறி வரணும்னா வயிறு இருக்கக் கூடாது. ஆனா கடல்ல நடுவுல காத்து செத்துட்டா வயிறு வேணும். திடீர்னு பெருங்காத்து எடுத்தா? மழை வந்தா? எல்லாக் காத்துக்கும் தாங்குற மாதிரி, போகவும் வரவும் ஆகுற மாதிரி, ஒரே ஒரு பாய். அதைத்தான் தேடுதேன்."

செசிலி மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்தார்.

"எங்க ஊர்ல கஸ்பார்னு ஒருத்தர் இருந்தாரு சார். அவரும் எங்கப்பாட்ட வந்து இதையேதான் கேட்டாரு. எல்லாக் காத்துக்கும் ஒரே பாய். கிழியவே கூடாதுன்னாரு."

"அப்பா தைச்சுக் குடுத்தாரா?"

"குடுத்தாரு. நாலு பேர் சேந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. அவ்வளவு கனம்."

"கிழியலையா?"

"இன்னைக்கு வரைக்கும் கிழியலை சார்."

சார் நோட்டைத் திறந்தார். "என்ன துணி? என்ன வெட்டு?"

"அது தெரியாது. அவரு வீட்டு முன்னால பந்தலாக் கட்டியிருக்கு. அவரு பேத்தி கல்யாணத்துக்கு அதுக்குக் கீழதான் சாப்பிட்டேன். நல்ல நிழல்."

சார் நோட்டை மூடினார். அன்றைக்கு அவர் குடித்த டீ பாதியில் ஆறிப்போயிற்று.

மூன்றாவது வாரம் சார் வரவில்லை. சண்முகவடிவு அம்மா வந்தார். தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, கடைப்படி இரண்டையும் ஏற ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் கதவு நிலையைப் பிடித்தார். செசிலி மாஸ்டர் அந்த ஒரு நிமிஷமும் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் செசிலியா? ஒங்க சாரு இப்பல்லாம் வீட்ல ஒன் பேச்சுத்தான். மாஸ்டர் சொன்னாங்க, மாஸ்டர் சொன்னாங்கன்னு."

"உக்காருங்கம்மா."

"உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். நின்னே சொல்லிருதேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மனுஷன் ஒரே ஒரு மணி நேரந்தான் எடுத்துக்கிட்டாரு. அதுலயும் பாதி நேரம் பஜ்ஜிதான் தின்னாரு. பாய் பாக்கதுக்கு மூணு வருசம் ஆவுது. மொதல் வருசம் சிரிச்சேன். ரெண்டாம் வருசம் சண்டை போட்டேன்."

"இப்ப?"

"இப்ப எதுக்கு சண்டை? பஸ்ல ஏறினா ஒரு மணி நேரத்துல முருகனப் பாத்துருவேன். அதுக்கில்ல பிள்ளை. கடல்லருந்து கோபுரத்தக் காட்டுதேன்னு அத்தனை பேர் முன்னால சொன்னாருல்ல, அன்னைலருந்து எனக்கு அது கண்ணுலயே நிக்கி. எப்படி இருக்கும், எந்தப் பக்கத்துலருந்து மொதல்ல தெரியும்னு ராத்திரி படுத்துக்கிட்டு நினைச்சுப் பாப்பேன். மாசித் திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள கூட்டிட்டுப் போகலைன்னா படகுல மண்ணக் கொட்டி முருங்கை நட்டுருவேன்னு சொல்லிட்டேன்."

"மாசி தாண்டினா வாடையும் நின்னுரும்மா. அடுத்த தைக்குத்தான்."

"அதுதான்." அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்த வருசம் முட்டு படகுல ஏறும். அடுத்த வருசம் ஏறுமான்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும். அவர்ட்ட நான் இதைச் சொல்லலை. சொன்னா அதுக்கும் ஒரு நோட்டு போடுவாரு."

செசிலி மாஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கி, ஆட்டோவரைக்கும் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். கடையைப் பூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்.

சார் படகில்தான் இருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மாஸ்டர், நீங்களே வந்துட்டீங்களா!"

"பழைய பாயை ஏத்துங்க சார். பாக்கணும்."

"அதுல பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. நானே பாத்துத் திருத்திட்டேன்."

"திருத்திட்டீயளா?"

பெரிய பாய் பாய்மரத்தில் ஏறியது. செசிலி மாஸ்டர் அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாய் முழுக்கச் சிவப்பு மை. நைந்த தையல் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம். கறைக்கு அடிக்கோடு. ஒரு ஒட்டுக்குப் பக்கத்தில், 'படி தவறு'. இன்னொரு இடத்தில், 'கவனக்குறைவு'. வலதுபக்க மேல்மூலையில், எல்லாப் பரீட்சைத் தாளிலும் போடுகிற அதே இடத்தில், பெரிதாக 34/100. கீழே கையெழுத்து.

"கீழ படுங்க சார்," என்றார் செசிலி மாஸ்டர்.

"எங்க?"

"படகுக்குள்ள. மல்லாக்கப் படுங்க. பாயைப் படுத்துத்தான் பாக்கணும்."

சார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படுத்தார். பக்கத்துத் தோணிக்காரர்கள் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாடை எடுத்தது, பாய் நிறைந்தது.

"என்ன தெரியுது?"

"வயிறு தெரியுது."

"எங்க இருக்கு?"

"முன்னால இருக்க வேண்டியது. தளர்ந்து பின்னால போயிருக்கு." சார் சற்று நிறுத்தி, தன் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டார். "தொப்பைதான். எனக்கும் அப்படித்தான் விழுந்திருக்கு."

"இதை வச்சுக் காத்துக்கு எதிர்ல ஏற முடியுமா?"

"முடியாது. படகு சாயும், பக்கவாட்டுல நழுவும், முன்னால போகாது. அதுக்குத்தான் மாஸ்டர் முப்பத்துநாலு. இன்னும் ஒரு மார்க் எடுத்திருந்தா பாஸ்."

செசிலி மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் படகின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். படுத்திருந்த சாருக்கு எழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"என்ன மாஸ்டர்?"

"பத்தாப்பு அரைப்பரீட்சை சார். கணக்கு. முப்பத்துநாலு. இதே மூலையில, இதே கையெழுத்து."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வராண்டாவுல நின்னு கேட்டேன். ஒரே ஒரு மார்க் போட்டு விடுங்க சார், எங்கப்பா படிப்பை நிறுத்திருவாருன்னு அழுதேன். 'ஒரு மார்க்கை தானமாப் போட்டா கணக்குக்கே அவமானம்'னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டீய."

சாருக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரிந்தது. எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தார், எண்ணி முடியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு எண்ணி முடியாதது ஒன்று இருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா நிறுத்திட்டாரா?"

"மறுநாளே மெஷின்ல உக்கார வச்சுட்டாரு."

"நான் தப்புப் பண்ணிட்டேன், செசிலி." மாஸ்டர் என்பது மறந்துபோயிற்று.

"அதை விடுங்க சார், ஆறின புண்ணு. பாயை இறக்குங்க."

பாய் இறங்கியது. செசிலி மாஸ்டர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார். சார் அதன் வால் மண்ணில் புரளாமல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். வழியில் பார்த்தவர்கள் கல்யாண ஊர்வலமோ என்று நினைத்தார்கள்.

கடையில் செசிலி மாஸ்டர் பாயை விரித்து, தையல் தையலாக இழுத்துப் பார்த்தார். கயிறு கோக்கிற கண்களையெல்லாம் விரலை விட்டு முறுக்கிப் பார்த்தார். அடிமூலையில் ஒரு கண் மட்டும் பிய்கிற நிலையில் இருந்தது. சிவப்பு வட்டங்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. அப்பளச் சத்தம் போட்ட புதுத்துணியில் ஒரு துண்டு வெட்டி, மெழுகு நூலால் அந்த மூலையில் ஒட்டுப் போட்டார். கையால்தான் தைத்தார். ஒருமணி நேரம் ஆயிற்று. பிறகு சாரின் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை அவரே எடுத்தார். மேல்மூலையில் இருந்த 34-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 35 என்று எழுதினார்.

"ஒரு மார்க் போட்டாச்சு சார். பாஸ்."

"மாஸ்டர், இதென்ன விளையாட்டா! நாம கடலுக்குப் போறோம்!"

"கிழியாது. அதுக்கு நான் பொறுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை விடியக் கருக்கல்ல கெளம்புவோம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, நானும் வாரேன். திருச்செந்தூரை ஒட்டி அமலிநகர்ல எங்க சித்தி வீடு இருக்கு. சித்தி மகன் வள்ளத்தைக் கொண்டுவந்து நம்மளக் கரையில விட்டுருவான்."

"போறது சரி. திரும்பி வர்றது? வாடை மூஞ்சியில அடிக்கும்போது இந்தத் தொப்பைப் பாயை வச்சுக்கிட்டு எப்படித் திரும்பி வர்றது?"

"நல்ல கேள்வி சார்."

"பதில்?"

"திருச்செந்தூர்ல வச்சுக் கேளுங்க, சொல்லுதேன்."

அந்த ஒரு வாரமும் சார் தூங்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் புது நோட்டு ஒன்று வாங்கிவந்து, 'திரும்பி வரும் வழிகள்' என்று தலைப்பு எழுதி, கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். எண்களுக்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சண்முகவடிவு அம்மா அடுப்படியில் புளியோதரை கிண்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகக் கேட்காத ஒரு சத்தம் அங்கிருந்து சாருக்குக் கேட்டது. அம்மா பாடிக்கொண்டிருந்தார். சார் நோட்டை மூடிப் பரண்மேல் எறிந்தார்.

வெள்ளிக்கிழமை கருக்கலில் கிளம்பினார்கள். அம்மாவைப் படகில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. வலது முட்டு ஏறியது. இடது முட்டு கொஞ்சம் யோசித்தது, பிறகு அதுவும் ஏறியது. மாம்பழக் கலர் பட்டுப்புடவைக்கு மேலே மிதவைச் சட்டை மாட்டி, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, சாமி புறப்பாடு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அலைதடுப்புச் சுவரின் முனை வந்தது. சாரின் கை வழக்கம்போல் சுக்கானைத் திருப்பப் போனது. மூன்று வருஷப் பழக்கம், கைக்கு அங்கே திரும்பத்தான் தெரியும்.

"நேரா சார்," என்றார் செசிலி மாஸ்டர்.

சுவர் பின்னால் போயிற்று. வாடை பின்னாலிருந்து வந்து பாயை நிறைத்தது. வட்டங்கள், அடிக்கோடுகள், படி தவறு, கவனக்குறைவு எல்லாம் ஒன்றாக உப்பிக்கொண்டு நின்றன. தொப்பை பின்காற்றுக்குத் தோதாகத்தான் இருந்தது. படகு விறுவிறுவென்று தெற்கே போனது.

புன்னக்காயல் தாண்டும்போது செசிலி மாஸ்டர் மாதா கோவில் இருக்கிற பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். காயல்பட்டினம் தாண்டும்போது புளியோதரை தீர்ந்தது. வெயில் ஏறிற்று. சார் அரைமணிக்கு ஒருதடவை, "திரும்பி வர்றது..." என்று ஆரம்பிப்பார். செசிலி மாஸ்டர், "இன்னும் திருச்செந்தூர் வரலை சார்," என்பார்.

பிறகு சண்முகவடிவு அம்மா திடீரென்று மிதவைச் சட்டையோடு எழுந்து நிற்கப் பார்த்தார். இரண்டு பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

"அந்தா! அந்தா தெரியுது பாருங்க!"

தண்ணீரும் வானமும் சேர்கிற இடத்தில், பனைகளுக்கு மேலே, விரல்நகம் அளவுக்குக் கோபுரம் நின்றது. கரைகூட இன்னும் சரியாகத் தெரியவில்லை. அம்மா கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவே இல்லை.

"நான் மேக்குப் பக்கத்துலருந்து வரும்னு நினைச்சிருந்தேன்," என்றார். "இது நேரா முன்னாலேயே நிக்கே!"

சார் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவருக்குப் பாயின் நினைப்பே இல்லை.

நடுப்பகல் தாண்டி அமலிநகருக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள். சித்தி மகன் வள்ளத்தில் வந்து மூன்று பேரையும் கரையில் விட்டான். கோயிலுக்குப் போனார்கள். நல்ல தரிசனம். இலை விபூதி வாங்கினார்கள், கருப்பட்டிக் காபி குடித்தார்கள். செசிலி மாஸ்டர் வெளியே மண்டபத்தில் செருப்புகளுக்குக் காவலிருந்தார். வெயில் சாய ஆரம்பித்தது.

கோயில் வாசலை விட்டு வெளியே வந்து மணலில் கால் வைத்ததும் சார் நின்றார். வாடை அவர் முகத்தில் அடித்தது.

"மாஸ்டர். திருச்செந்தூர் வந்தாச்சு. இப்பச் சொல்லுங்க. எப்படித் திரும்பி வர்றது?"

"வாடை எத்தனை நாளைக்கு சார் அடிக்கும்?"

"மாசி வரைக்கும்."

"அதுக்குப் பெறகு?"

"பங்குனி, சித்திரையில அடங்கிரும். வைகாசியில கச்சான் காத்து எடுக்கும்."

"கச்சான் எந்தப் பக்கம் தள்ளும்?"

சார் கையை நீட்டினார். விரல் நேராகத் தூத்துக்குடியைக் காட்டியது. நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதே பாய் போதும்," என்றார் மெல்ல.

"போதும் சார். படகை அதுவரைக்கும் சித்தி மகன் பாத்துக்கிடுவான்."

"அது வைகாசி. இன்னைக்கு?"

செசிலி மாஸ்டர் முன்னால் நடந்தார். சார் பின்னால் போனார். தெரு திரும்பியதும் பஸ் ஸ்டாண்ட். கண்டக்டர் ஒருவர், "தூத்துக்குடி, தூத்துக்குடி, ஆத்தூர், தூத்துக்குடி!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்டோவில் அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்ட சண்முகவடிவு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தூக்குச்சட்டியை வைத்து இடம் பிடித்திருந்தார்.

சாரின் கால் தரையில் ஊன்றிக்கொண்டது.

"மாஸ்டர், நான் மைக்ல சொன்னவன். மாலை போட்டுக்கிட்டு, அத்தனை பேர் முன்னால சொன்னவன். பஸ்ஸில காலை வைக்க மாட்டேன்னு."

"எந்த பஸ்ஸில சார்?"

"திருச்செந்தூருக்குப் போற பஸ்ஸில."

"இது தூத்துக்குடிக்குப் போற பஸ் சார். ஏறுங்க."